அதிகாரத்தோடு கட்டளையிட்டு ஜெபிக்க வேண்டுமா? நோய் தீராவிட்டால் விசுவாசக் குறைவா?

கேள்வியின் சாரம் இது: "கெஞ்சாதே, கட்டளையிட்டு ஜெபி என்று சபையில் போதிக்கிறார்கள். அப்படியே ஜெபித்தும் அம்மாவின் வியாதி தீரவில்லை. அம்மாவுக்கு விசுவாசம் போதவில்லை என்கிறார்கள். வேதம் இதைத்தான் சொல்கிறதா?"

இல்லை. விசுவாசிக்கு அதிகாரம் உண்டு என்பது உண்மை. லூக்கா 10:19-ல் ஆண்டவரே அதைக் கொடுக்கிறார். ஆனால் எதன்மேல் கொடுக்கிறார் என்று அதே வசனத்தில் பாருங்கள்: "சத்துருவினுடைய சகல வல்லமையையும்" மேற்கொள்ள. பிதாவின்மேல் அல்ல, உடனிருக்கிற சகோதரர்மேலும் அல்ல. அடுத்த வசனத்திலேயே, ஆவிகள் கீழ்ப்படிவதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்கிறார். 19-ஐ மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பலர் 20-க்கு வருவதே இல்லை.

அதிகாரத்தையும் விசுவாசத்தையும் சேர்த்துப் படிக்க மத்தேயு 8:5-13-ஐ விடச் சிறந்த பகுதி இல்லை. கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி (நூறு சேவகருக்குத் தலைவர்), வியாதியாய்க் கிடந்த தன் வேலைக்காரனுக்காக இயேசுவிடம் வந்து, "ஒரு வார்த்தைமாத்திரம் சொல்லும்" என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் முக்கியம். "நான் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டிருந்தும், எனக்குக் கீழ்ப்பட்டிருக்கிற சேவகருமுண்டு." முதலில் கீழ்ப்படிதல், அதன் பிறகே கட்டளை. அவர் 'போ' என்றால் சேவகன் போவது அவருடைய குரலின் பலத்தால் அல்ல, அவருக்கு மேலே இருக்கிற ஆட்சியின் பலத்தால். இயேசுவின் வார்த்தைக்கும் பின்னால் அப்படி ஓர் ஆட்சி இருப்பதை அவர் கண்டுகொண்டார். இஸ்ரவேலருக்குள்ளும் காணாத விசுவாசம் என்று ஆண்டவர் பாராட்டியது இதைத்தான். லூக்கா 7-ல் இன்னொரு விவரமும் உண்டு. ஜெப ஆலயம் கட்டிக் கொடுத்தவர், ஆகவே பாத்திரர் என்று யூதரின் மூப்பர்கள் அவருக்காகப் பரிந்து பேசுகிறார்கள். அவரோ சிநேகிதரை அனுப்பி, "நான் பாத்திரன் அல்ல" என்கிறார். தன் தகுதி எதையும் முன்வைக்காமல் கேட்டவருடைய வேலைக்காரன் சுகமானான்.

கட்டளை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அப்போஸ்தலர் 9:40 ஒரே வசனத்தில் காட்டிவிடுகிறது. யோப்பாவில் தபீத்தாள் மரித்துக் கிடக்கிறாள். பேதுரு எல்லாரையும் வெளியே போகச்செய்கிறார், முழங்காற்படியிட்டு ஜெபம்பண்ணுகிறார், பிறகு பிரேதத்தின் புறமாய்த் திரும்பி, "தபீத்தாளே, எழுந்திரு" என்கிறார். தேவனிடம் முழங்காலில் விண்ணப்பம், திரும்பிய பின்புதான் கட்டளை. லாசருவின் கல்லறையிலும் இதே வரிசைதான்: முதலில் பிதாவை நோக்கி இயேசுவின் ஸ்தோத்திரம், பிறகு "லாசருவே, வெளியே வா" (யோவான் 11:41-43). பிலிப்பி பட்டணத்தில் பவுல் "கட்டளையிடுகிறேன்" என்றது ஆவியைப் பார்த்து (அப்போஸ்தலர் 16:18). மிரட்டப்பட்ட எருசலேம் சபையோ "கர்த்தாவே, தேவரீர்" என்று வேண்டிக்கொள்கிறது (அப்போஸ்தலர் 4:24-30). கட்டளையிட்டு ஜெபிக்கிற இடங்களில் நடக்கும் பிழை பெரும்பாலும் இதுதான். பிசாசிடம் பேச வேண்டிய தொனியில் தேவனிடம் பேசுகிறார்கள்.

இதற்கு ஆதாரமாக ஏசாயா 45:11-ஐ எடுப்பார்கள்: "எனக்குக் கட்டளையிடுங்கள்." அந்த அதிகாரத்தை 9-ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். தன்னை உருவாக்கினவரோடே வழக்காடுகிறவனுக்கு ஐயோ, களிமண் குயவனைப் பார்த்து என்ன செய்கிறாய் என்று கேட்கத்தகுமோ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. கோரேஸ் என்னும் அந்நிய ராஜாவைக் கொண்டு தேவன் விடுதலை தருவதை எதிர்த்துக் கேள்வி கேட்டவர்களுக்குச் சொன்ன பதில் அது. களிமண்ணுக்கு ஐயோ என்று சொன்ன வாய், இரண்டு வசனம் தள்ளி களிமண்ணுக்கு எஜமான் பதவி கொடுத்தது என்று போதிப்பது அந்தப் பகுதியையே கவிழ்த்துப் போடுகிறது.

பிசாசை நோக்கி "கட்டுகிறேன், கட்டவிழ்க்கிறேன்" என்று சொல்லி ஜெபிப்பதையும் இப்படியே பார்க்க வேண்டும். அதற்கு ஆதாரமாக எடுக்கும் மத்தேயு 18:18-க்கு முன்னால் இருப்பது குற்றம் செய்த சகோதரனை எப்படித் திருத்துவது என்ற ஒழுங்கு: முதலில் தனியே, பிறகு இரண்டொருவரோடு, கடைசியில் சபையில். அந்தத் தீர்ப்பைப் பற்றின வாக்குத்தத்தம் அது. பலவானை, அதாவது சாத்தானை, கட்டுவது மத்தேயு 12:29-ல் வருகிறது, அங்கே இயேசு பேசுவது தம்முடைய ஊழியத்தைப் பற்றி. அப்போஸ்தலர் நடபடிகள் முழுவதிலும் எந்த அப்போஸ்தலனும் "சாத்தானே, உன்னைக் கட்டுகிறேன்" என்று ஜெபித்ததில்லை. யூதா 9-ல் பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசைத் தூஷிக்கத் துணியாமல், "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்றுதான் சொன்னான்.

நாமத்தை மந்திரம்போல உச்சரித்தால் என்ன ஆகும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. எபேசுவில் ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேர், "பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின்பேரில்" ஆணையிட்டார்கள். இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார் என்று கேட்டது ஆவி. அவர்கள் காயப்பட்டு, நிருவாணிகளாய் ஓடினார்கள் (அப்போஸ்தலர் 19:13-16). வார்த்தைகளில் பிழையில்லை. அந்த நாமத்தின் ஆளுகைக்குள் அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் அம்மாவின்மேல் வைத்த பழிக்கு வருகிறேன். என்னை மிகவும் வருத்துவது இதுதான். சீஷர்களால் ஒரு பையனைக் குணமாக்க முடியாதபோது, அவிசுவாசத்துக்காகக் கண்டிக்கப்பட்டவர்கள் குணமாக்க முயன்ற சீஷர்களே (மத்தேயு 17:19-20). பையனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் தகப்பனோ, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அரைகுறையாகத்தான் சொன்னான், அதுவே போதுமானதாயிருந்தது (மாற்கு 9:24). திமிர்வாதக்காரனுடைய காரியத்தில் இயேசு கண்டது சுமந்து வந்தவர்களின் விசுவாசம் (மாற்கு 2:5). தபீத்தாளிடம் விசுவாசம் கேட்க அவள் உயிரோடே இல்லை. யாக்கோபு 5:14-15-ல் வியாதிப்பட்டவர் செய்ய வேண்டியது சபையின் மூப்பர்களை அழைப்பது மட்டும். எண்ணெய் பூசுவதும் விசுவாசமுள்ள ஜெபமும் மூப்பர்களின் பொறுப்பு.

நாசரேத்தில் ஊராரின் அவிசுவாசத்தால் இயேசு அற்புதங்கள் செய்யக்கூடாமற்போனதே என்று கேட்பார்கள். மாற்கு 6:5-6 ஊரார் அவரைப் புறக்கணித்ததைச் சொல்கிறது. அங்கேயும் அவர் கைவைத்த நோயாளிகள் சிலர் குணமானார்கள்.

அப்படியானால் "பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள்" என்ற மாற்கு 11:24? அது மெய்யான வாக்குத்தத்தம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 22-ஆம் வசனம் "தேவனிடத்தில்" விசுவாசம் என்கிறது, நம் விசுவாசத்தின்மேல் விசுவாசம் என்று அல்ல. 25 மன்னிப்பைக் கேட்கிறது. மூன்று அதிகாரம் தள்ளி, கெத்செமனேயில், "எல்லாம் உம்மாலே கூடும்" என்பதும் "உம்முடைய சித்தத்தின்படியே" என்பதும் ஒரே ஜெபத்தில் சேர்ந்து நிற்கின்றன (14:36). ஆகவே "உமக்குச் சித்தமானால்" என்பது அவிசுவாசம் என்று போதிப்பவர்கள் ஆண்டவரின் ஜெபத்தையே குறை சொல்கிறார்கள். பவுல் தம்மை வருத்திய 'முள்' என்னும் உபத்திரவம் நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. தம்மோடே பயணம்பண்ணின துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). இவர்களில் யாருக்கும் விசுவாசம் இல்லை என்று வேதம் எழுதவில்லை.

இனி அம்மாவுக்காக ஜெபிக்கும்போது இப்படிச் செய்யலாம். யார்மேலாவது மனக்குறை இருந்தால் முதலில் மன்னித்துவிடுங்கள். வியாதியின் பெயரைச் சொல்லி, சுகம் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். "ஏதாவது நல்லது செய்யும்" என்று மழுப்ப வேண்டாம். உங்கள் சபை மூப்பர்களில் இரண்டு மூன்று பேரை வீட்டுக்கு அழையுங்கள். அவர்கள் கைவைத்து, "இயேசுவின் நாமத்தினாலே சுகமாகு" என்று சொல்வது வேதத்துக்கு ஒத்ததே, ஒருமுறை அமைதியாகச் சொன்னால் போதும். அம்மாவின் காதருகே சத்தம் போட விடாதீர்கள். நெடுநேரம் கத்தினவர்கள் கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள். மறுநாளும் கேளுங்கள். ஒரே காரியத்தைத் திரும்பக் கேட்பது அவிசுவாசம் அல்ல, லூக்கா 18-ன் விதவை அப்படித்தான் கேட்டாள்.

நீங்களாக மருந்தை நிறுத்தவே கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், இன்சுலினை விட்டாலும் உயிருக்கு ஆபத்து உண்டு. சுகம் கிடைத்துவிட்டது என்று உணர்ந்தால் மருத்துவரிடம் போய்ப் பரிசோதனை செய்யுங்கள். பத்துக் குஷ்டரோகிகளை இயேசு ஆசாரியர்களுக்குக் காண்பிக்கச் சொன்னார் (லூக்கா 17:14), நியாயப்பிரமாணத்தின்படி சுத்தமானதைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டியவர்கள் அவர்களே. மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை அந்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.