டிமென்ஷியா பராமரிப்பில் கிடைக்கும் நிறைவை அளக்கும் ஆங்கில வினாப்பட்டியலைத் தமிழில் மொழிபெயர்த்து கூகுள் ஃபார்மில் அனுப்பினால் போதுமா?

போதாது. நர்சிங்கோ சமூகப்பணியோ முதுநிலை படிக்கிறீர்கள், ஆய்வேட்டுக்கு நாள் நெருங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கையில் இருப்பது பெரும்பாலும் 2004-ல் டார்லோ குழுவினர் வெளியிட்ட 'பிஏசி' (பாசிட்டிவ் ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் கேர்கிவிங், அதாவது பராமரிப்பின் நல்ல பக்கங்கள்) அளவுகோலாகத்தான் இருக்கும். 9 வாக்கியங்கள். 6 தன்னைப் பற்றிய நிறைவு, 3 வாழ்க்கையைப் பார்க்கும் விதம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். மொத்தம் 9 முதல் 45.

'சுமையை அளக்காமல் நிறைவை அளப்பானேன்' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சுமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒருவருக்கே இரண்டும் ஒருசேர அதிகமாக இருக்கலாம். அதனால் பராமரிப்பாளரின் சுமையை அளக்கும் ஜாரிட் அளவுகோலின் 22 கேள்விகளையும் கூடவே கேளுங்கள். இரண்டுக்கும் எதிர்மறைத் தொடர்பு (ஒன்று கூடினால் மற்றது குறைவது) லேசாகத்தான் வந்தாலும் இயல்புதான், பதற வேண்டாம்.

சிக்கல் சொற்களில். 'அப்ரிஷியேட்' அதில் இரண்டு இடத்தில் வருகிறது: ஓரிடத்தில் பிறர் என்னை மதிப்பது, இன்னோரிடத்தில் வாழ்க்கையின் அருமை எனக்குப் புரிவது. மாமியாரைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் மருமகளிடம் 'பாராட்டப்படுவதாக உணர்கிறீர்களா' என்றால், 'ஆமா, சால்வை போத்தறாங்க' என்பார். 'நான் செய்யறதோட அருமை மத்தவங்களுக்குத் தெரியுது' என்றால் யோசித்துப் பதில் சொல்வார். 'முக்கியமானவராக உணர்கிறேன்' என்பது தற்பெருமையாகக் கேட்கும்; ஆமென்று சொல்லக் கூசுவார்கள். 'நான் இல்லேன்னா ஆகாது' என்று மாற்றினால், 'என் தேவை இருக்கிறது' என்ற இன்னொரு வாக்கியத்தோடு மோதும். 'மற்றவர்களுடனான உறவு வலுப்பட்டது' என்பது பெரிய பொறி. நம் காதில் 'உறவு' என்றால் சொந்தக்காரர்கள். சொத்துத் தகராறில் அண்ணன் பேசாமல் இருந்தால் 1 போட்டுவிடுவார், எதிர்வீட்டு அக்காவோடு எவ்வளவு நெருங்கியிருந்தாலும். 'மத்தவங்களோட பழக்கம்' என்று வையுங்கள். 'நோயாளி' என்பதை எடுத்துவிட்டு அம்மா, அத்தை, வீட்டுக்காரர் என்று முறை சொல்லியே கேளுங்கள்.

வேலையின் வரிசை: முதலில் அளவுகோலின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி. பிறகு இருவர் தனித்தனியாகத் தமிழாக்கம், ஒருவர் துறைக்கு வெளியே இருப்பவர். இரண்டையும் ஒன்றாக்கியபின், மூலத்தைப் பார்க்காத இருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு. வேறுபாடுகளை ஒரு குழு உட்கார்ந்து தீர்க்கவேண்டும். (மறுமொழிபெயர்ப்புக்கு முத்திரை போட்ட சான்றிதழ் கேட்கும் குழுக்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. 'பாராட்டப்படுகிறேன்' திரும்ப ஆங்கிலத்துக்குப் போனால் அச்சு அசலாக மூலமே வரும், சான்றிதழும் கிடைக்கும்.) தமிழில் பொருள் மாறிப்போனதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, 5 முதல் 8 பராமரிப்பாளர்களிடம் வாசித்து, 'இதுல என்ன கேக்கறாங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க' என்பது. திருத்தியபின் 30, 40 பேரிடம் முன்சோதனை. எந்த வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணி ஆய்வுக்கு 200 பேராவது இருந்தால் நிம்மதி. வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.70-க்கு மேல் வேண்டும், 0.95 தாண்டினால் கொண்டாடாதீர்கள், ஒரே கேள்வியையே மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

கூகுள் ஃபார்ம் வேண்டாம். பராமரிப்பவருக்கே 60 வயது இருக்கும், போன் பேரன் கையில் இருக்கும். நேரில் கேட்டாலும் கணவரும் நாத்தனாரும் கேட்கும் தூரத்தில் வேண்டாம். 9 வாக்கியமும் நேர்மறையானவை. பக்கத்தில் ஆள் இருந்தால் எல்லாவற்றுக்கும் 5 விழும். முழு 45 வாங்கியவர்கள் 15 சதவீதத்துக்கு மேல் போனால் அளவுகோலுக்கு மேலே இடமில்லை என்று அர்த்தம். பதில் நிலையாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்கும்போது, பராமரிக்கப்படுபவர் இடையில் இரவில் எழுந்து நடப்பது, அடிக்க வருவது போல ஏதாவது புதிதாக ஆரம்பித்ததா என்று முதலில் விசாரியுங்கள். ஆரம்பித்திருந்தால் அந்தப் பராமரிப்பாளரை மறுசோதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

'பெத்த கடன்', 'புண்ணியம்' பற்றி மூலத்தில் ஒன்றுமே இல்லை, நம் ஆட்கள் முதலில் சொல்வதே அதுதான். அதற்கு இரண்டு மூன்று வாக்கியம் சேர்க்கலாம். ஆனால் 9-க்குப் பிறகு வையுங்கள், மதிப்பெண்ணைத் தனியாகக் கூட்டுங்கள்; இல்லையென்றால் வெளிநாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது.