தும்புத்தடி பிடித்தவருக்குத் தாழ்மைப் போதனை

அன்புள்ள ஐயா,

மல்லாவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா சனிக்கிழமை தோறும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலைக் கூட்டிக் கழுவுகிறா. திருநாளுக்குச் சமையலும் அவதான். இந்த முறை நன்றியுரையில் கூரைத் தகடு வாங்கித் தந்த வெளிநாட்டுக்காரர், பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர் எல்லாருடைய பெயரும் வந்தது. அம்மாவின் பெயர் வரவில்லை. கோயில் சபைக் கூட்டத்தில் கேட்டேன். "சீடத்துவம் என்றால் தாழ்மை, பெயரை எதிர்பார்க்கக் கூடாது" என்று வாயை அடைத்துவிட்டார்கள். அம்மாவும் "விடு பிள்ளை" என்கிறா. நான் கேட்டது தன்னலமா?

ம.

அன்புள்ள ம.,

தன்னலம் இல்லை. நீங்கள் உங்களுக்காகக் கேட்கவும் இல்லையே.

அவர்கள் சொன்ன போதனை சரிதான், சொன்ன இடம்தான் பிழை. நற்செய்தியில் இயேசு தாழ்மையைப் பற்றி யாரிடம் கதைக்கிறார் என்று பாருங்கள். வலப்பக்கம் ஒருவருக்கு, இடப்பக்கம் ஒருவருக்கு என்று கதிரை கேட்டு வந்த சீடர்கள் இருவரிடம், செபதேயுவின் மக்களிடம். மற்றப் பத்துச் சீடருக்கும் கோபம் வந்தது என்கிறார் மாற்கு. அவர்களுக்கும் அந்தக் கதிரையில் ஒரு கண் இருந்திருக்கும். கடைசி இராவுணவுப் பந்தியிலேயே யார் பெரியவர் என்ற வாக்குவாதம் நடந்ததை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். கதிரைக்கு அடிபட்டவர்களுக்குச் சொன்னதைத் தும்புத்தடியோடு நிற்கிறவருக்குச் சொல்வது என்ன நியாயம்? தொழுகைக்கூடத்தில் 18 வருடமாகக் கூன் விழுந்து நின்ற பெண்ணைக் கண்டபோது அவர் தாழ்மை போதிக்கவில்லை. நிமிர்த்திவிட்டார்.

யோவான் 13ஐ ஒருக்கால் ஆறுதலாக வாசியுங்கள். எல்லாம் தன் கையில் தரப்பட்டிருக்கிறது என்று அறிந்துதான் அவர் பந்தியிலிருந்து எழும்பித் துண்டைக் கட்டிச் சீடர்களின் கால்களைக் கழுவினார். அவரைக் காட்டிக்கொடுக்க இருந்த யூதாசும் அப்போது பந்தியில் இருந்தான். நம்முடைய பெரிய வியாழன் கால் கழுவும் சடங்கிலோ, தெரிவான பன்னிரண்டு பேரும் வீட்டில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டுதான் வருவார்கள். வயலிலிருந்து நேரே வந்த சேற்றுக்காலை நான் அங்கே கண்டதே இல்லை. பெண்களின் கால்களுக்கு 2016 வரை திருச்சபை ஒழுங்கில் இடமும் இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. உங்கள் பங்குக் கோயிலில் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

தன்னை மறந்த சீடர் ஒருவரை இந்த நாட்டிலேயே காட்டலாம், ஜோசப் வாஸ் அடிகளார். கோவாவில் பிராமணக் குடும்பத்தில் பிறந்த குரு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த நேரம், 1687இல், கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகக் கையேந்தினார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, சொந்தச் சனமே கைவிட்டுப் போன நோயாளரை மதம் பாராமல் பராமரித்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்றே மடு மாதா கோயிலுக்கும் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் வாஸ் அடிகளார் தானாக இறங்கியவர். ஒரு கூட்டம் போட்டு யாரும் அவரைக் கீழே இருத்தவில்லை.

"நாங்கள் பயனற்ற பணியாளர்கள், எங்கள் கடமையைத்தான் செய்தோம்" என்ற வசனத்தையும் அடுத்த கூட்டத்தில் எடுத்து வருவார்கள். அது லூக்கா 17. பணியாளர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் சொல் அது. அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே இறங்கினால், குணமான பத்துத் தொழுநோயாளரில் ஒருவன் மட்டும் திரும்பி வருகிறான். "மற்ற ஒன்பது பேர் எங்கே?" என்று இயேசு கேட்கிறார். நன்றி சொல்லாததை அவரும் கவனித்திருக்கிறார்.

அதற்காக அடுத்த வருடம் அம்மாவின் பெயரை வாசித்துவிட்டால் முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. பெயர்ப் பைத்தியம் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது. மின்விசிறி இறக்கையில்கூட 'அன்பளிப்பு' என்று பெயர் எழுதுகிறார்கள். சுற்றும்போது யார் வாசிப்பது? "விடு பிள்ளை" என்று அம்மா மனதாரச் சொல்லியிருந்தால் அந்தப் பெருந்தன்மை அவவுடையது. அதை வைத்துச் சபை தப்பிக்கக் கூடாது.

நீங்கள் கேட்க வேண்டியது முறை. கோயில் கூட்டுவதற்கு வீட்டுக்கு வீடு முறை வைக்கச் சொல்லுங்கள். சபைத் தலைவர் வீட்டிலிருந்து தொடங்கட்டும், உங்களுக்குத் தாழ்மை போதித்தவர் அடுத்த சனிக்கிழமை வரட்டும். திருநாளுக்கு விறகு கொத்தவும் கிடாரம் கழுவவும் ஆண்களின் பெயரை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம், அம்மாவை முன் வாங்கில் இருந்து பூசை காணச் சொல்லுங்கள்.