தம்பிக்கு டிப்ரஷன், அப்பா நம்ப மாட்டேங்கிறார், வீட்ல இருக்கறவங்க என்ன பண்ணணும்?

கேள்வில நீங்க சொன்னது இதான்: தம்பி மாசக்கணக்கா ரூமை விட்டு வெளிய வர்றதில்ல, டாக்டர் டிப்ரஷன்னு சொல்லி மாத்திரை குடுத்திருக்கார், அப்பா "இதெல்லாம் சோம்பேறித்தனம்"னு திட்டறார், மத்தவங்க எப்படி கூட இருக்கறதுன்னு தெரியல. நான் டாக்டர் இல்லீங்க. உங்க தம்பி இப்ப இருக்கற எடத்துல இருந்து எந்திரிச்சு வந்தவன், அவ்ளோதான். ஊர் பொள்ளாச்சி பக்கம்.

முதல்ல அப்பா மேட்டர். அவரை நம்ப வைக்கறதுல உங்க தெம்பை எல்லாம் செலவு பண்ணாதீங்க. எங்க வீட்ல அப்பா கெடையாது, அந்த எடத்துல அக்கா வீட்டுக்காரர், மாமா. அவர் இன்னைக்கு வரைக்கும் இது ஒரு நோய்னு ஒத்துக்கல, கேட்டா "ஏதோ கண்ணு பட்டிருச்சு"ம்பார். ஆனா ஒவ்வொரு தடவையும் ஜி.எச்.சுக்கு அவர்தான் வண்டில கூட்டிட்டுப் போனார். ஓ.பி. சீட்டு போடற க்யூல அவர் நிப்பார், நான் வேப்பமரத்தடில உக்காந்திருப்பேன், நம்ம நம்பர் வந்தா தூரத்துல இருந்தே கையை ஆட்டுவார். வழியில ஒரு வார்த்தை பேச மாட்டார். திரும்பி வரும்போது ரோட்டோரம் நிறுத்தி எளநி வாங்கிக் குடுத்துட்டு, தான் ஒரு பீடி பத்த வச்சுக்கிட்டு ஆனமலை இருக்கற பக்கமா பாத்து நின்னுக்குவார். எனக்கு என்ன ஆச்சுன்னு அவருக்குப் புரியவே இல்ல, புரியாமயே ஆக வேண்டிய வேலையைப் பண்ணிட்டார். உங்க அப்பாவுக்கும் அந்த மாதிரி ஒரு வேலை குடுத்துப் பாருங்க, மருந்து வாங்கிட்டு வர்றது, வண்டி ஓட்டறது, ஏதாச்சும். விளக்கம் குடுத்தா சண்டைதான் வரும், வேலை குடுத்தா பெரும்பாலும் பண்ணிடுவாங்க, நம்ம அப்பாமாருங்க டிசைனே அப்படித்தான்.

சரி, தம்பிக்கு உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா வெளிய இருந்து பாத்தா அது சோம்பேறித்தனம் மாதிரியேதான் தெரியும். எனக்கு விடியக்காலம் மூணு நாலு மணிக்கே முழிப்பு வந்துடும், அப்புறம் தூக்கம் வராது, நெஞ்சுல ஏதோ அழுத்தி உக்காந்த மாதிரி இருக்கும், காலைலதான் உச்சம். பல்லு வெளக்கணும்னு நெனைச்சு பிரஷ்ஷை எடுக்கவே மத்தியானம் ஆயிடும். ஆனா சாயங்காலம் கொஞ்சம் லேசாகும், ரெண்டு வார்த்தை பேசுவேன், டிவி பாப்பேன். உடனே வீட்ல "சாயங்காலம் ஆனா நல்லாத்தான இருக்கான், காலைல மட்டும் என்ன நடிப்பு"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அது நடிப்பு இல்ல, டிப்ரஷன்ல நெறைய பேருக்கு காலைல ஜாஸ்தியாவும் சாயங்காலம் கம்மியாவும் இருக்கும்னு டாக்டர் சொன்ன அன்னைக்குத்தான் எங்கக்கா வாயடைச்சா. உங்க தம்பிகிட்ட ஏதாச்சும் பேசணும், வெளிய கூப்பிடணும்னா அஞ்சு மணிக்கு மேல கூப்பிட்டுப் பாருங்க. காலைல எட்டு மணிக்குப் போய் போர்வைய இழுத்தா அன்னைக்கு முழுக்க போச்சு.

அப்புறம் காரணம் கேக்கறது. லவ் ஃபெயிலியரா, கடன் வாங்கிட்டியா, ஆன்லைன் ரம்மியா, வேலை பாத்த கம்பெனில எவனாச்சும் ஏதாச்சும் சொன்னானான்னு வர்ற சொந்தக்காரங்க எல்லாம் ஒரு விசாரணை கமிஷன் வச்சாங்க. நைட் ஷிஃப்ட் மாத்தி மாத்திப் போட்டு ஒரு நாள் திடீர்னு ஆளைக் கொறைக்கறோம்னு அனுப்பிட்டாங்க, அது நெஜம்தான். ஆனா என்கூட அனுப்புன மத்த பசங்க ஒண்ணும் படுத்துக்கலயே. ஒருத்தருக்கு வரும் ஒருத்தருக்கு வராது, சிலருக்கு குடும்பத்துல இருக்கும், சிலருக்கு காரணமே இல்லாம வரும், சிலருக்கு தைராய்டு கோளாறுகூட இப்படி வந்து நிக்கும். அதனாலதான் எனக்கு முதல் விசிட்லயே தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் எல்லாம் டெஸ்ட் எழுதினாங்க. உங்க தம்பிக்கு எடுக்கலைன்னா டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க.

அம்மா என்னை மந்திரிக்கக் கூட்டிட்டுப் போச்சு, கையில கயிறு கட்டுச்சு, மாசாணியம்மன் கோயிலுக்கு வேண்டுதல் வச்சுது. அக்காவுக்கு இது பிடிக்கல, அம்மாவுக்கும் அவளுக்கும் தெனம் சண்டை. டாக்டரம்மா கயிறைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, "கோயிலுக்கும் போங்க, மாத்திரையும் விடாம போடுங்க"ன்னு முடிச்சுட்டாங்க, அம்மாவுக்கு அதுலயே பாதி பயம் போச்சு. பெரியவங்க பயத்தையும் தப்பு சொல்ல முடியாதுங்க. 2001ல ஏர்வாடில சங்கிலில கட்டிப் போட்டிருந்த மனநோயாளிங்க தீ விபத்துல செத்தாங்களே, அதை டிவில பாத்த தலைமுறை அது. நம்ம சினிமாவும் 1794ல இருந்து நடக்கற கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிய ஒரு கெட்ட வார்த்தை மாதிரியே ஆக்கி வச்சிருக்கு. அம்மா நெனைச்சது என்னை உள்ள போட்டுப் பூட்டிடுவாங்கன்னு. நெஜத்துல நடந்தது என்னன்னா, பல்லு டாக்டருக்குப் பக்கத்து ரூம், ஒரு டேபிள், ஒரு ஃபேன், இருபது நிமிஷம் பேச்சு, ஒரு சீட்டு.

மாத்திரை விஷயத்துலதான் வீட்ல இருக்கறவங்க உதவி ரொம்பத் தேவை. எனக்கு எஸ்சிட்டலோப்ராம், கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு ஏத்தினாங்க. இந்த வகை மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி இன்னைக்குப் போட்டா நாளைக்குக் கேக்காது, லேசா தெரியறதுக்கே ரெண்டு மூணு வாரம் ஆகும், முழுசா தெரிய ஆறு எட்டு வாரம்கூட ஆகலாம். ஆனா குமட்டல், வயித்துக் கலக்கல், ஒரு மாதிரி படபடப்பு எல்லாம் முதல் வாரமே வந்துடும். அதாவது நல்லது லேட்டா வரும் கெட்டது சீக்கிரம் வரும், அந்த எடைவெளிலதான் நெறைய பேர் "இது எனக்கு ஒத்துக்கல"ன்னு தூக்கிப் போட்டுடறாங்க. அக்கா இதை டாக்டர்கிட்ட கேட்டு வச்சிருந்ததால நான் வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னப்ப பதறாம சாப்பாட்டுக்கு அப்புறம் குடுத்தா, கொஞ்ச நாள்ல அது நின்னுடுச்சு. நிக்கலைன்னா, இல்ல படபடப்பு ரொம்ப ஏறுதுன்னா, அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காம ஃபோன் பண்ணிடணும்.

மாத்திரை அட்டை என்கிட்ட இருக்காது. அக்கா ஹேண்ட்பேக்ல இருக்கும், ராத்திரி ஒண்ணை மட்டும் பிச்சுக் குடுப்பா, தண்ணி சொம்போட. டாக்டரம்மா சொல்லித்தான் அப்படிச் செஞ்சாங்க. அதே மாதிரி தோட்டத்து ரூம்ல இருந்த பூச்சி மருந்து டப்பா எல்லாத்தையும் மாமா என்கிட்ட ஒண்ணும் சொல்லாம அவர் அண்ணன் வீட்டுக்குக் கொண்டு போய் வச்சுட்டார். நீங்க விவசாயக் குடும்பமா என்னன்னு எழுதல, இருந்தா இந்த வேலையை இன்னைக்கே பண்ணிடுங்க. தம்பிகிட்ட நேரா கேக்கவும் கேளுங்க, "சாகலாம்னு தோணுதா"ன்னு. கேட்டா இல்லாத எண்ணத்தை நாமளே கெளப்பி விட்டுடுவோம்னு நம்ம எல்லாருக்கும் ஒரு பயம், அப்படி ஆகாது. டாக்டரம்மா என்கிட்ட, வேற யாரும் கேக்காததை, பேனாவைக் கீழ வச்சுட்டு முகத்தைப் பாத்துக் கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. தம்பி ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட, ராத்திரின்னா ஜி.எச். எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. 14416ன்னு ஒரு மனநல ஹெல்ப்லைன் நம்பர் இருக்கு, டெலி மானஸ்னு பேரு, 2022ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கெடையாது, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், கூட இருக்கறவங்களும் கூப்பிடலாம். போலீஸ் கேஸ் ஆயிடும்னு மறைக்கற வீடுங்க இன்னும் இருக்கு, 2017 மனநலச் சட்டத்துக்கு அப்புறம் தற்கொலை முயற்சி பண்ணவங்களைத் தண்டிக்கறது இல்ல, கடுமையான மன உளைச்சல்ல செஞ்சாங்கன்னுதான் எடுத்துக்கணும், வைத்தியம் குடுக்கறது அரசோட கடமைன்னு சட்டத்துலயே இருக்கு.

இப்ப ஃப்ரெண்ட்ஸ். எனக்கு ஸ்கூல் செட் வாட்ஸாப் குரூப் ஒண்ணு இருக்கு, விஷயம் கசிஞ்சதும் சூரிய உதயம் படம் போட்ட தத்துவமா வந்து குமிஞ்சுது, "ஸ்டே ஸ்ட்ராங் மச்சி"ன்னு. ஒருத்தன் ஜிம்முக்குப் போன்னான். இன்னொருத்தன் பாசமா ஒரு ஃபுல் வாங்கிட்டே வந்துட்டான், அவனை அக்கா கேட்லயே திருப்பி அனுப்பிச்சா, சரக்கு மனசை இன்னும் கீழதான் இழுக்கும், இந்த மாத்திரையோட சேரவும் கூடாது. இவங்க யாரும் கெட்டவங்க இல்ல, என்ன பண்றதுன்னு தெரியாத நல்லவங்க.

தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தான். லேத் பட்டறை வச்சிருக்கான். அவன் எப்படி இருக்கன்னு கேக்கவே மாட்டான், கேட்டா நான் "ம்"ங்கணும், அந்த "ம்" சொல்றதே எனக்குப் பெரிய வேலை. சாயங்காலம் வண்டிய வாசல்ல நிறுத்தி ரெண்டு ஹாரன், "மாப்ள ஏறு". முதல் சில நாள் நான் வரல. அவன் கோச்சுக்கல, அம்மாகிட்ட ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போயிடுவான், மறுநாள் அதே ஹாரன். ஒரு நாள் ஏறினேன். பட்டறைல ஒரு ஓரமா ஸ்டூல் போட்டு, பழைய பெயின்ட் டப்பா நெறைய கலந்து கெடந்த போல்ட், நட்டு, வாஷர் எல்லாத்தையும் முன்னாடி கவுத்து "சைஸ் வாரியா பிரிச்சு வைடா, தேடித்தேடி உசுரு போகுது"ன்னுட்டு அவன் மெஷினுக்குப் போயிட்டான். எம்8 ஒரு பக்கம், எம்10 ஒரு பக்கம், மரை போனது ஒரு பக்கம். கையெல்லாம் ஆயிலு. மெஷின் சத்தத்துல பேச வேண்டியதே இல்ல. ஒரு டப்பா முடிஞ்சா இன்னொரு டப்பா. நெறைய நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, கடைப்பையனை விட்டு ரெண்டு டப்பாவை வேணும்னே கலக்க வச்சிருக்கான், படுபாவி. கவுன்சிலிங்ல அந்த மேடம் சொன்னதும் இதே கதைதான், ஆசை வந்தப்புறம் வேலை செய்யலாம்னு இருந்தா ஆசை வராது, சின்னதா ஒரு வேலையை ஆரம்பிச்சா அதுக்குப் பின்னாடிதான் ஆசை வரும்னு. இந்த வைத்தியத்துக்கு ஒரு பேரே இருக்காம். எட்டாவது ஃபெயிலான என் ஃப்ரெண்டுக்கு அது எப்படித் தெரிஞ்சுதோ.

அதனால உங்க தம்பியோட ஃப்ரெண்ட்ஸ்ல யாராச்சும் ஒருத்தனைப் பிடிங்க, அதிகம் பேசாதவனாப் பாத்துப் பிடிங்க. பத்து பேரு வந்து பாத்துட்டுப் போறதுக்கு தெனம் ஒருத்தன் வந்து டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போறது எவ்வளவோ மேல்.

இன்னொண்ணு, உங்களையும் பாத்துக்கோங்க. எங்கம்மாவுக்கு அந்த சமயத்துல பி.பி. ஏறிடுச்சு, "உனக்கென்ன கொறை வச்சேன் கண்ணு"ன்னு அடுப்படில உக்காந்து அழும், அது கேக்கறப்ப எனக்குக் குற்ற உணர்ச்சி இன்னும் ஏறும். ஒரு விசிட்ல டாக்டரம்மா என்னை விட்டுட்டு அக்காவைப் பாத்து "நீங்க தூங்கறீங்களா"ன்னு கேட்டாங்க, அக்கா அங்கயே உடைஞ்சு அழுதுட்டா. அதுக்கப்புறம்தான் வேலையைப் பிரிச்சாங்க. மாத்திரை அக்கா, ஆஸ்பத்திரி மாமா, சாயங்காலம் அந்த லேத் பட்டறை ஃப்ரெண்டு, அம்மாவுக்கு சமையல் மட்டும், என்கிட்ட அட்வைஸ் கூடாதுன்னு கண்டிஷன். அம்மா ராகிக்களி கிண்டி தட்டை பக்கத்துல வச்சுட்டு "ஒரு வாய் சாப்புடு சாமி"ன்னு ஒரு தடவை மட்டும் சொல்லும், சாப்பிடலைன்னா எடுத்துட்டுப் போயிடும். அந்தக் கண்டிஷனைக் காப்பாத்த அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

நல்லாயிட்டான்னு தெரிஞ்ச ஒடனே எல்லாரும் சொல்றது, "இனி மாத்திரைய நிறுத்திடலாம், பழகிடும்". சொந்தக்காரங்க எல்லாருமே சொன்னாங்க. இது போதை மாதிரி பழகற மாத்திரை இல்ல, ஆனா படக்குனு நிறுத்தினா தலைசுத்தல், மண்டைக்குள்ள சின்னதா ஷாக் அடிக்கற மாதிரியெல்லாம் வரும், நோயும் திரும்பி வரலாம். நல்லானதுக்கு அப்புறமும் கொறைஞ்சது ஆறு மாசமாச்சும் தொடரணும், நிறுத்தறப்ப டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும். எனக்கு அப்படித்தான் கொறைச்சாங்க. கல்யாணப் பேச்சு வந்தப்ப இதை மறைக்கச் சொன்னவங்களும் உண்டு, அது தனிக் கதை, இன்னொரு பதில்ல எழுதறேன்.

அடுத்த விசிட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன நோட் போடுங்க. எத்தனை மணிக்குத் தூங்கறான், எத்தனை மணிக்கு முழிக்கறான், என்ன சாப்பிட்டான், குளிச்சானா, மாத்திரை விட்டுப்போச்சா, தெனம் ஒரே வரி போதும். தம்பிகிட்ட டாக்டர் எப்படி இருக்கன்னு கேட்டா "பரவால்ல"ன்னு முடிச்சுடுவான், நானும் அதேதான் சொன்னேன், நோட்டை நீட்டினது அக்கா. டோஸை மாத்தினதே அதைப் படிச்சுட்டுத்தான். தம்பிக்குத் தெரியாம எழுதாதீங்க, "டாக்டர் கேப்பார், அதுக்குத்தான்"னு சொல்லிட்டே எழுதுங்க. வர மாட்டேன்னு அடம் பிடிச்சா அன்னைக்கு நீங்க மட்டுமாச்சும் நோட்டை எடுத்துட்டுப் போய்ப் பேசிட்டு வாங்க, எங்க டாக்டரம்மா ஒரு தடவை அக்காகிட்ட மட்டும் பேசி அனுப்பியிருக்காங்க.