முழங்கால் மடங்காத ஓட்டக்காரி

கேள்வி: மகளுக்கு 14 வயது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பழகும்போது விழுந்து கால் எலும்பு முறிந்து, தகடு வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் ஓட முடியாது என்று டொக்டர் சொன்னதிலிருந்து சப்பாத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். விமான விபத்தில் கால் நொறுங்கிய பிறகும் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பெண் ஒருவர் இருந்தாராமே? எழுதினால் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: இருந்தார் அம்மா. பெட்டி ராபின்சன், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துக்காரர். உங்கள் வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோச்சி வெளிக்கிடும் நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையோடு விழுந்தடித்து ஓடிவருவார்களே, அப்படித்தான் இவருடைய கதையும் தொடங்குகிறது. ஏற்கெனவே ரயிலில் ஏறியிருந்த அவருடைய ஆசிரியர் சார்ள்ஸ் பிரைஸ், தூரத்தில் ஓடிவரும் பிள்ளையைப் பார்த்துவிட்டு, இவள் பிடிக்கமாட்டாள் என்றே நினைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்! பிறகு பள்ளிக்கூட நடைபாதையில் ஓடவிட்டு நேரம் பார்த்தார். முதல் போட்டி 1928 மார்ச்சில். அதே வருஷம் ஜூலை 31ஆம் திகதி, பெண்களுக்கு முதன்முதலாக ஓட்டப் போட்டிகள் வைத்த ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில், 100 மீற்றரை 12.2 செக்கனில் ஓடித் தங்கம். வயது 16.

1931இல் உறவினர் ஓட்டிய சின்ன விமானத்தில் போனபோது அது விழுந்துவிட்டது. அவரைக் கண்டெடுத்தவர் உயிர் போய்விட்டது என்று நினைத்துக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு போனார் என்றுகூடச் சொல்வார்கள். உயிர் இருந்தது, ஆனால் காலும் கையும் நொறுங்கியிருந்தன. மாதக்கணக்கில் சக்கர நாற்காலி, ஒழுங்காக நடக்கவே ஏறக்குறைய இரண்டு வருஷம், 1932 ஒலிம்பிக்கும் கைவிட்டுப் போனது. மகளுக்கு வாசிக்கும்போது இந்த இடத்தைத் தயவுசெய்து ஓடி வாசித்துவிடாதீர்கள், அவள் இப்போது இருப்பது இந்த இடத்தில்தான்.

எலும்பு பொருந்தியும் முழங்கால் முன்போல மடங்கவில்லை. 100 மீற்றருக்குக் குந்தித்தானே கிளம்ப வேண்டும்? அது அவரால் முடியாது. சரி, குந்தாமல் ஓட எங்கே இடமிருக்கிறது? அஞ்சலோட்டத்தில்! முதலாவதாக ஓடுபவர்தான் குந்த வேண்டும், மற்ற மூன்று பேரும் நின்றபடி கோலை வாங்கிக்கொண்டு ஓடலாம். 1936 பெர்லினில் 4x100இல் அவர் மூன்றாவதாக ஓடினார். அதற்கு முந்தைய சுற்றில் உலக சாதனை செய்திருந்த ஜெர்மனி இறுதியிலும் நன்றாக முன்னால் போய்க்கொண்டிருந்தது, ஆனால் கடைசிக் கைமாற்றத்தில் அவர்களுடைய கோல் நழுவி விழுந்தது. ராபின்சன் பத்திரமாகக் கொடுத்த கோலோடு ஹெலன் ஸ்டீபன்ஸ் ஓடி முடித்தார், 46.9 செக்கன், தங்கம். ஜெர்மனி தவறவிட்டதால் கிடைத்தது என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கோலைத் தவறவிடாமல் கொடுப்பதும் அந்தப் போட்டிதான், என்னைக் கேட்டால் 1928இன் தங்கத்தைவிட இதுதான் பெரிய தங்கம். 1999இல், 87 வயதில் காலமானார்.

மகள் எப்போது ஓடலாம் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும், அதற்கு முன் அவசரப்படுத்தாதீர்கள். அந்தச் சப்பாத்தை மட்டும் ஒளித்து வைக்காதீர்கள், அவள் கண்ணில் படுகிற இடத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: இலங்கைப் பெண்கள் யாராவது ஓட்டத்தில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியிருக்கிறார்களா?
- ஒரு மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: சுசந்திகா ஜயசிங்க, 2000 சிட்னி, 200 மீற்றர். அன்று கழுத்தில் விழுந்தது வெண்கலம். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்த பிறகு, அது வெள்ளியாக மாறியது. அவருக்கு முன் நம் நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தவர் டங்கன் வைட் ஒருவர்தான், 1948 லண்டனில், 400 மீற்றர் தடை தாண்டலில் வெள்ளி.