நீச்சலடிப்பவர்களைக் காக்கச் சுறாக்களைக் கொல்ல வேண்டுமா?

கொல்லக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சுறாக்கள் மீதான இரக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று, கொன்று பார்த்த இடங்களில் கண்ட விளைவே முதன்மையான காரணம்.

ஹவாய்த் தீவுகளில் 1959 முதல் 1976 வரை அரசுத் திட்டங்களின் கீழ் 4,668 சுறாக்களைக் கொன்றும், தாக்குதல்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில், அடுத்தடுத்து நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பின், 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சில கடற்கரைகளுக்கு அப்பால் மிதவைகளில் பெரிய தூண்டில்களைக் கட்டி, மூன்று மீட்டருக்கு மேல் நீளமுள்ள சுறாக்களைச் சுட்டுக் கொன்றார்கள். சிக்கிய 172 சுறாக்களில் மிகப் பெரும்பாலானவை புலிச்சுறாக்கள். அந்த மரணங்களில் பலவற்றுக்குக் காரணமாகக் கருதப்பட்ட வெள்ளைச் சுறா ஒன்றுகூட அகப்படவில்லை. வெள்ளைச் சுறா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வலசை செல்லும் உயிரினம் என்பதால், ஒரு கரையில் போடும் தூண்டில் அடுத்த வாரம் அங்கு வரவிருக்கும் சுறாவை ஒன்றும் செய்துவிடாது.

உறவினரைக் கடலில் பறிகொடுத்த குடும்பங்களின் துயரத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களின் பெயரால் எடுக்கப்படும் நடவடிக்கை உண்மையிலேயே உயிர்காப்பதாக இருக்க வேண்டும். பிரேசிலின் ரெசிஃபே கடற்கரையில், பிடிபட்ட சுறாக்களை உயிருடன் கரையிலிருந்து தொலைவில் கொண்டுபோய் விட்ட காலத்தில் தாக்குதல்கள் பெருமளவு குறைந்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், சுறா தூண்டிலில் சிக்கியதும் செய்தி அனுப்பும் கருவிகளும் ட்ரோன் கண்காணிப்பும் இப்போது பயன்பாட்டில் உள்ளன.