கேம் அவர்களுடையது, படம் யாருடையது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: வீடியோ கேமை வைத்து 2018-ல் எடுத்த, அலிசியா விகாண்டர் நடித்த ‘டூம் ரெய்டர்’ (Tomb Raider) எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் பாகம் வருகிறது என்றார்களே, எங்கே?

ப: கெடு முடிந்துவிட்டது. ‘ரைட்ஸ் வாங்கிட்டாங்க’ என்று செய்தியில் படிக்கும்போது, நிலத்தைக் கிரயம் முடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்ட கதைதான். சொன்ன தேதிக்குள் படவேலையைத் தொடங்காவிட்டால் உரிமை பழைய இடத்துக்கே போய்விடும். படம் எடுத்த எம்ஜிஎம் ஸ்டூடியோ இயக்குநரை மாற்றியது, நடுவில் கொரோனா வந்தது, அப்புறம் எம்ஜிஎம்மையே அமேசான் வாங்கியது. இத்தனைக்கும் நடுவே 2022-ல் உரிமை கைநழுவியது. விகாண்டர் நடித்த நாயகி லாரா கிராஃப்டும் அத்தோடு சரி.

வேடிக்கை என்னவென்றால், அமேசான் பிறகு தனியாக ஒப்பந்தம் போட்டு, அதே லாரா கிராஃப்டை வைத்து ஒரு தொடரை 2024-ல் அறிவித்தது. எழுதுபவர் ஃபீபி வாலர்-பிரிட்ஜ். வீட்டுக்குள் இருந்ததைத் தொலைத்துவிட்டு மறுபடி கடைக்குப் போன கதை.

கே: நெட்ஃபிளிக்ஸின் ‘தி விட்சர்’ தொடர் கேமிலிருந்து எடுத்ததுதானே?

ப: இல்லை. போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் கதைகளிலிருந்து எடுத்தது. கேம் நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் வாங்கி வைத்திருந்தது கேம் உரிமை. தொடருக்கான உரிமை வேறு. சப்கோவ்ஸ்கி, கேமெல்லாம் எங்கே ஓடப்போகிறது என்று, லாபத்தில் பங்கு வேண்டாம், மொத்தமாக ஒரு தொகை கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டவர். மூன்றாவது கேம் மட்டும் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது!

2018-ல் அவருடைய வக்கீல்கள் 6 கோடி ஸ்வோட்டி (போலந்து நாணயம்) கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். கொடுத்த பணத்துக்கும் கிடைத்த லாபத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால், படைப்பாளி கூடுதல் தொகை கேட்கப் போலந்து சட்டத்தில் இடம் உண்டு. கோரிக்கைக்கு அடிப்படையே இல்லை என்றது நிறுவனம். ஆனாலும் 2019 டிசம்பரில் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். தொகையை வெளியே சொல்லவில்லை.

கே: கேமை ஆடாமல் ‘ஃபால்அவுட்’ தொடரைப் பார்க்கலாமா?

ப: தாராளமாக. உலகம்தான் கேமினுடையது, கதை புதிது.

கே: ஜெர்மன் இயக்குநர் ஊவே போல் கேம்களை வைத்து எடுத்த படங்கள் வரிசையாக ஊத்திக்கொண்டன. பிறகு யார் பணம் போட்டார்கள்?

ப: ஜெர்மனியின் வரிச்சட்டம்! படத்தில் போட்ட பணத்தைக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள அங்கே முதலீட்டாளர்களுக்கு வழி இருந்தது. 2005 இறுதியில் அந்தக் கதவைச் சாத்தினார்கள்.

கே: பீட்டர் ஜாக்சன் தயாரிப்பில் ‘ஹேலோ’ படம் என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்ததே?

ப: கேம் பட வியாபாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதில்தான் இருக்கிறது. 2005-ல் ‘ஹேலோ’ கேமின் சொந்தக்காரரான மைக்ரோசாஃப்ட், எழுத்தாளர் அலெக்ஸ் கார்லண்டுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்துத் திரைக்கதை எழுதி வாங்கியது. அதைத் தபாலிலா அனுப்புவார்கள்? கேமின் நாயகன் மாஸ்டர் சீஃப் போலப் பச்சைக் கவசமும் ஹெல்மெட்டும் மாட்டிய ஆட்கள், ஹாலிவுட் ஸ்டூடியோக்களுக்கு நேரில் போய் நின்றார்கள். கையில் திரைக்கதை, கூடவே நிபந்தனைகள். ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் மிக்கி மவுஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நிபந்தனைகளைப் பார்த்துப் பல ஸ்டூடியோக்கள் பின்வாங்கின. யுனிவர்சலும் ஃபாக்ஸும் சேர்ந்து எடுத்தன. இயக்குநர் நீல் ப்ளோம்காம்ப். பட்ஜெட், பங்கு என்று இழுபறியாகி 2006-ல் படம் நின்றது. ஜாக்சனும் ப்ளோம்காம்ப்பும் சும்மா இருக்கவில்லை. அடுத்துச் சேர்ந்து செய்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’ (2009) சிறந்த பட ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ‘ஹேலோ’ கடைசியில் 2022-ல் தொடராக வந்து, இரண்டு சீசனோடு நின்றது.

கே: 1993 மரியோ படம் படுதோல்வி, 2023 மரியோ படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூல். மரியோ கேமின் சொந்தக்காரரான நிண்டெண்டோ என்ன மாற்றியது?

ப: முதல் தடவை உரிமையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. அடுத்த முறை தன் பணத்தையும் போட்டது, மரியோவை உருவாக்கிய மியாமோட்டோவையே இணைத் தயாரிப்பாளராக உட்கார வைத்தது. அடுத்த மரியோ படம் திரைக்கு வர 30 வருடம் ஆனதில் எனக்கு ஆச்சரியமில்லை, அந்தச் சூடு அப்படி. வரவிருக்கும் ‘செல்டா’ கேம் படத்தில் பாதிக்கு மேல் முதலீடு நிண்டெண்டோவுடையதுதான். உலகம் முழுக்க வெளியிடப்போவது, பிளேஸ்டேஷன் விற்று நிண்டெண்டோவோடு போட்டி போடும் சோனியின் பட நிறுவனம்.