பென்சிலில் ஒரு பெயர், பேனாவில் ஒரு பெயர்

கேள்வி: அன்புள்ள அக்கா, உப்புவெளியில் சின்ன மென்பொருள் கம்பனி ஒன்று நடத்துகிறேன். என்னோடு சேர்த்து ஆறு பேர். நிலாவெளிப் பக்கம் மூன்று விருந்தினர் விடுதிகள் வைத்திருக்கும் ஒருவருக்கு அறை பதிவு செய்யும் வெப் அப் செய்து கொடுக்கிறோம். மொத்த விலை பேசித்தான் வேலையை எடுத்தோம். அஜைல் முறையில், அதாவது வேலையைச் சின்னத் துண்டுகளாகச் செய்து காட்டிக் காட்டிப் போகும் முறையில், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் (ஒரு சுற்று வேலை) போடுகிறோம். ஆனால் அவர் இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அதை மாற்று, இதை மாற்று என்கிறார். மாற்றத்தை வரவேற்பதுதானே அஜைல் என்று நானும் மறுப்பதில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது, எல்லாமே எண்பது வீதத்தில் நிற்கிறது. காலைக் கூட்டமே ஒரு மணித்தியாலம் போகிறது. நல்ல பொடியன் ஒருவன் களைத்துப்போய்க் கொழும்புக்கு வேலை மாறிவிட்டான். சித்திரை வருடப் பிறப்போடு சீசன் தொடங்கிவிடும், இன்னும் பத்து வாரம்தான். எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிச் செய்யும் பழைய முறைக்கே போகட்டுமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

பழைய முறைக்குப் போக வேண்டாம். அதில் நான் பட்டதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் அந்த ‘எண்பது வீதம்’ என்ற இடத்தில்தான் எனக்கு மனம் நின்றது. ஐந்து மாதத்தில் பத்து ஸ்பிரின்ட் ஓடியிருக்கும். பத்துத் தடவை ஏதாவது ஒன்று முழுதாக முடிந்து அந்த விடுதிக்காரரின் கைக்குப் போயிருக்க வேண்டும். ஒன்றும் போகவில்லை. தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடைக்காத மனிதர், நினைவுக்கு வருவதையெல்லாம் இரவு பத்து மணிக்கு அனுப்பத்தான் செய்வார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினார்கள். அதனோடு சேர்ந்த 12 கோட்பாடுகளில், கடைசி நேரத்தில் வரும் மாற்றத்தையும் வரவேற்க வேண்டும் என்பது ஒன்று. நீங்கள் பிடித்துக்கொண்டது அதை. அதே பட்டியலில், வேலை செய்கிற மென்பொருளைச் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ ஒருமுறை, கூடியவரை குறுகிய இடைவெளியில், கையில் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எவ்வளவு காலமானாலும் ஒரே வேகத்தில் தொடர்ந்து போகக்கூடியதாக வேலை இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எடுத்தால், உங்கள் பொடியன்கள் இரவிரவாக விழித்திருப்பதில்தான் வந்து முடியும்.

இப்போது என் கதை. பல வருடங்களுக்கு முன், திருகோணமலை டவுனில் ஒரு தங்குமிடத்துக்கு இதே மாதிரி ஒரு வேலை செய்தேன். முதலாளியோடு நாலைந்து நாள் இருந்து நாற்பது பக்கத்துக்குத் தேவைகளை எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினேன். ஆறு மாதம் கழித்து, எழுதியபடியே, பிழையில்லாமல் கொடுத்தேன். ஒரு மாதம் சென்று போய்ப் பார்த்தால், வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை பழைய சீ.ஆர். கொப்பியில்தான் எழுதிக்கொண்டிருந்தார். கணினிக்கு மேலே துணி போட்டு மூடியிருந்தது.

அன்று காலை முழுவதும் அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். தொலைபேசியில் அறை கேட்பவர்களின் பெயரைப் பென்சிலால் எழுதினார். முற்பணம் வந்ததும் அதே பெயரின் மேல் பேனாவால் எழுதினார். பின்னேரம் வரை காசு வராவிட்டால் அழிறப்பரால் அழித்துவிட்டு அறையை வேறு ஆளுக்குக் கொடுத்தார். எங்கள் மென்பொருளில் பதிவு செய்யலாம், பதிவை ரத்துச் செய்யலாம், அவ்வளவுதான். கையெழுத்து வாங்கிய நாற்பது பக்கத்தில் எங்குமே அந்தப் பென்சில் இல்லை. முதலாளிக்கே அது தெரியாது, அவர் ஒருநாளும் அந்தக் கதிரையில் இருந்ததில்லை. இரண்டாவது வாரத்தில் அரைகுறையாக ஒரு திரையை அந்தப் பிள்ளையிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

ஆகவே பத்து வாரத்தில், அதாவது ஐந்து ஸ்பிரின்டில், இப்படிச் செய்து பாருங்கள். திகதியை அசைக்க முடியாது, சீசன் யாருக்காகவும் நிற்காது. அசையக்கூடியது வேலையின் அளவு மட்டும்தான். மூன்று விடுதியையும் ஒன்றாக இழுக்காமல் ஒரு விடுதியை எடுங்கள். முதல் இரண்டு வாரத்தில் ஒரே ஒரு காரியம்: வெளியாள் ஒருவர் தன் போனில் திகதியைத் தெரிவு செய்து, காலியான அறையைப் பார்த்து, பென்சில் பதிவு ஒன்று போடவேண்டும். அது வரவேற்பு மேசையில் தெரியவேண்டும். கார்டில் காசு கட்டுவது, தள்ளுபடி, அறிக்கை, அழகான வரைபடம் ஒன்றும் இப்போது வேண்டாம். முதல் மாதம் தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ், அடுத்த மாதம் ஸ்கிரீன் என்று அடுக்கடுக்காகச் செய்யும் பழக்கம் உங்களிடம் இருந்தால் அதை இன்றே விடுங்கள். எல்லாம் எண்பது வீதத்தில் நிற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பின்னால் கார்டில் காசு வாங்கத் தேவைப்படும் பேமென்ட் கேட்வே சேவைக்கு மட்டும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், அந்தக் கடிதப் போக்குவரத்து உங்கள் கையில் இல்லை.

இந்த முதல் துண்டிலேயே ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படக்கூடாது. கடைசி அறையை இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால் என்ன ஆகும்? அறை காலியா என்று முதலில் பார்த்து, பிறகு எழுதுகிற கோட் இரண்டு பேருக்கும் ‘சரி’ என்று சொல்லிவிடும். ஒரே அறை, ஒரே இரவு, இரண்டு பதிவு என்பதை டேட்டாபேஸே ஏற்காதபடி கட்டுப்பாடு போடுங்கள். அதைச் சோதிக்க ஒரு தானியங்கி டெஸ்டும் எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட விடுங்கள். குடும்பத்தோடு எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் வந்து இறங்கியவருக்கு அறை இல்லை என்று சொல்லும் நிலை வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு வரக்கூடாது.

அடுத்தது அந்தக் குரல் பதிவுகள். அவர் அனுப்பட்டும். ஆனால் உங்கள் ஒருவருக்கு மட்டும். நீங்கள் அதை ஒரு வரியாக எழுதிப் பட்டியலில் போடுங்கள். ஓடுகிற ஸ்பிரின்டுக்குள் எதுவும் நுழையாது. இரண்டு வாரம் முடிந்து அவரோடு இருந்து பார்க்கும்போது, பட்டியலை அவர் முன்னால் வைத்து, அடுத்தது எது என்று அவரையே கேளுங்கள். மொத்த விலை பேசிவிட்டதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: புதிதாக ஒன்று உள்ளே வந்தால் அதே அளவு வேலை ஒன்று வெளியே போகும். முதல் தடவை முகம் சுளிப்பார். முடிந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், கேட்பார். அடுத்த ஒப்பந்தத்தில் ஸ்பிரின்டுக்கு இவ்வளவு என்று விலை பேசப் பாருங்கள்.

காலைக் கூட்டத்துக்கு, ஸ்பிரின்ட் போட்டு வேலை செய்யும் ஸ்கிரம் என்ற அஜைல் முறையின் வழிகாட்டி தரும் நேரம் 15 நிமிடம். ஆறு பேருக்கு அதுவே தாராளம். ஒரு மணித்தியாலம் போகிறதென்றால், ஒவ்வொருவரும் உங்களுக்கு அறிக்கை வாசிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆளை விட்டுவிட்டு, ஒவ்வொரு வேலையையும் எழுதி வைக்கும் அட்டையைப் பாருங்கள். முடிவுக்குக் கிட்டவாக இருக்கும் அட்டையில் தொடங்கி, இதை இன்று முடிக்க யார் கைகொடுப்பது என்று மட்டும் கேளுங்கள். இருவருக்கு ஒரு அட்டை, அது முடியாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டுங்கள். இருக்கிற பிள்ளைகளும் கொழும்புக்கு பஸ் ஏறினால் எந்த முறையும் உங்களுக்கு உதவாது, தங்கச்சி.

முதல் துண்டு தயாரானதும் விடுதிக்காரரோடு நேரே வரவேற்பு மேசைக்குப் போங்கள். அங்கே இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு, விளக்கம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். எந்த இடத்தில் அவர் கொப்பியைத் திரும்ப எடுக்கிறார் என்று பார்த்து, அதை அடுத்த ஸ்பிரின்டின் முதல் அட்டையாக எழுதிக்கொண்டு வாருங்கள்.